பியூஸ் வேறு, டையோடு வேறு

அறந்தாங்கி வட்டாரத்தில் பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிகளுக்குப் பியூஸைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி இது. கால்வாயில் தண்ணீர் எட்டாத நாளில் ஏரி. ஏரியும் வற்றினால் ஆழ்துளைக் கிணறு. மோட்டார் நின்றவுடன் முதலில் கை போகும் இடம் பியூஸ் கட்டைதான். டையோடு அப்படியல்ல. சூரியசக்தி பம்புசெட், டிராக்டரின் ஆல்டர்னேட்டர், பேட்டரி தெளிப்பான், எல்.இ.டி. விளக்கு ஆகிய எல்லாவற்றினுள்ளும் அது இருக்கிறது. ஆனால் கண்ணில் படுவதில்லை. பழுது பார்க்க வருபவர் "டையோடு போய்விட்டது" என்று சொல்லும்போதுதான் அந்தப் பெயரே காதில் விழுகிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டும் சிறிய பொருள்கள். இரண்டுக்கும் இரண்டு முனைகள். இரண்டுமே மின்சாரம் செல்லும் வழியில் குறுக்கே நிற்பவை. இரண்டையும் "போய்விட்டது" என்றே சொல்கிறோம். ஆகவே டையோடு என்பதும் ஒரு வகைப் பியூஸ்தான் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. பியூஸ் போன இடத்தில் ஒரு கம்பியைக் கட்டி அன்றைய பொழுதை ஓட்டிய பழக்கத்தில், டையோடு போன இடத்திலும் கம்பியைக் கட்டினால் பேட்டரியோ, பேனலோ, கண்ட்ரோலரோ நாசமாகும். டையோடு இருக்கிறதே என்று பியூஸை விட்டுவிட்டால் வயரே தீப்பிடிக்கும். வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது செலவை மட்டுமல்ல, சில சமயம் உயிரையும் காக்கும்.

எவ்வளவு? எந்தப் பக்கம்?

பியூஸ் கவனிப்பது அளவை. எவ்வளவு ஆம்பியர் போகிறது என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. எந்தத் திசையில் போகிறது என்பது பற்றி அதற்குக் கவலை இல்லை. அளவு மீறினால் உருகி அறுந்துவிடும். அறுந்தது அறுந்ததுதான், புதிதாகப் போட வேண்டும்.

டையோடு கவனிப்பது திசையை. ஒரு பக்கமாக வரும் மின்சாரத்தை விடும். மறுபக்கமாக வருவதைத் தடுக்கும். எவ்வளவு போகிறது என்று அது பார்ப்பதில்லை. அளவு மீறினால் தடுக்கவும் அதற்குத் தெரியாது; சூடாகித் தானே கெட்டுப்போகும். சரியான அளவில் இருந்தால் ஆண்டுக்கணக்கில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

பண்ணையில் இருக்கும் பொருள்களை வைத்தே இதைச் சொல்லலாம். கிணற்றுப் பம்பின் உறிஞ்சு குழாய் அடியில் புட்வால்வு இருக்கிறது. தண்ணீரை மேலே விடும். கீழே இறங்க விடாது. டையோடு மின்சாரத்துக்குப் புட்வால்வு. ரோட்டவேட்டரை டிராக்டருடன் இணைக்கும் தண்டில் ஷியர் போல்ட் என்று ஒன்று உண்டு. கத்தி பாறையிலோ மரவேரிலோ மாட்டினால் அந்தப் போல்ட் முறிந்து, கியர் பெட்டியைக் காப்பாற்றும். பியூஸ் மின்சாரத்துக்கு ஷியர் போல்ட். அடிக்கடி முறிகிறதே என்று அந்த இடத்தில் கெட்டியான போல்ட்டைப் போட்டவர்களுக்குக் கியர் பெட்டிச் செலவு எவ்வளவு என்று தெரியும்.

பியூஸை ஏரிக் கலிங்குக்கு ஒப்பிடுவதும் உண்டு. அது சரியான ஒப்புமை அல்ல. கலிங்கு மிகுதித் தண்ணீரை மட்டும் வெளியே தள்ளிவிட்டு, ஏரியை அப்படியே வைத்திருக்கும். பியூஸ் மிகுதியை மட்டும் கழிப்பதில்லை. மொத்தப் பாய்ச்சலையும் நிறுத்திவிடுகிறது. இடி மின்னலின்போது மிகுதி மின்சாரத்தைப் பூமிக்குள் இறக்கும் 'அரஸ்டர்' என்னும் கருவியைத்தான் கலிங்கு என்று சொல்லலாம்.

பியூஸ் கம்பியின் கணக்கு

5 குதிரைத்திறன் கொண்ட மும்முனை மோட்டார் முழுச் சுமையில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுக்கும். நீர்மூழ்கி மோட்டாராக இருந்தால் சற்றுக் கூடுதலாகவும் இழுக்கும். சுவிட்ச் போட்ட முதல் இரண்டு மூன்று விநாடிகளில் இதைப்போல் ஐந்தாறு மடங்கு பாயும். அந்த வேகத்தைத் தாங்கவேண்டும் என்பதற்காகப் பியூஸை மோட்டார் அளவைப்போல் இரண்டு மடங்கு வரை வைப்பது வழக்கம். ஈயம் பூசிய செப்புக் கம்பியில் 25-ஆம் நம்பர் 15 ஆம்பியர் தாங்கும். சுமார் 30 ஆம்பியரில் உருகும். 35-ஆம் நம்பர் 5 ஆம்பியருக்கானது. சுமார் 8 ஆம்பியரில் உருகிவிடும். நம்பர் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கடையில் "பியூஸ் கம்பி கொடுங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்குவது சரியல்ல. மோட்டார் மீதுள்ள தகட்டில் உள்ள ஆம்பியரைப் பார்த்து, வயர்மேனிடம் கேட்டு, நம்பர் சொல்லி வாங்க வேண்டும்.

வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 1/18 வயரை உரித்து அதன் செப்புக் கம்பியைப் பியூஸ் கட்டையில் முறுக்கிவிடும் பழக்கம் பல கிராமங்களில் உள்ளது. அந்தக் கம்பி உருக 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதற்கு முன்பே மோட்டாரின் காயில் கருகிவிடும். கட்டையில் கம்பி மட்டும் பத்திரமாக இருக்கும்.

சரியான கம்பி போட்டிருந்தாலும் பியூஸால் முடியாத காரியங்கள் இரண்டு உண்டு. ஒன்று, மூன்றில் ஒரு பியூஸ் மட்டும் அறுந்த நிலை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்பதில்லை. மீதி இரண்டு முனைகளில் ஓட முயன்று, அவற்றில் 1.7 மடங்கு வரை மின்சாரத்தை இழுக்கும். 7.5 ஆம்பியர் 13 ஆம்பியர் ஆகும். 30 ஆம்பியரில் உருகும் பியூஸுக்கு 13 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் 7.5-க்குக் கட்டிய காயிலுக்கு அது சூளை. நீர்மூழ்கி மோட்டாரை வெளியே இழுத்து, காயில் கட்டி, மறுபடி இறக்கிய செலவுகளில் ஒரு பகுதி இப்படி வந்ததுதான். இதைத் தடுக்கவே ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலேயும், ஒரு முனை போனால் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டரும் இருக்கின்றன. ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதை நேரடியாக இணைத்துவிடுவது மோட்டாரைப் பணயம் வைப்பதாகும்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. பியூஸ் மனிதனைக் காப்பாற்றாது. வயலில் ஈர உடம்போடு நிற்பவர் மீது 230 வோல்ட் பட்டால் பாயும் மின்சாரம் கால் ஆம்பியர் அளவுதான். 5 ஆம்பியர் பியூஸ் அதை உணரவே உணராது. ஆனால் ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, அதாவது 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நெஞ்சு வழியாகச் சற்று நேரம் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. "பியூஸ் இருக்கிறது, பயமில்லை" என்று சொல்பவர் தவறான இடத்தில் நம்பிக்கை வைக்கிறார். ஆளைக் காப்பாற்றுவது நல்ல எர்த் கம்பியும், 30 மில்லி ஆம்பியரில் விழும் எர்த் லீக்கேஜ் பிரேக்கரும்தான்.

டையோடு செய்யும் வேலை

ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை விடும் குணம் சில தாதுக் கற்களுக்கு உண்டு என்பதை 1874-இல் ஜெர்மானிய விஞ்ஞானி பெர்டினாண்ட் பிரவுன் கண்டறிந்தார். கலீனா என்னும் ஈயத் தாதுக் கல்லைக் கொண்டு வானொலி அலைகளை உணரும் கருவியைச் செய்து, 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். செடிகளின் வளர்ச்சியை நுட்பமாக அளக்கும் கருவியைப் பின்னர் செய்து காட்டியவரும் அவரே. இன்றைய டையோடுகள் பெரும்பாலும் சிலிக்கானால் ஆனவை.

சிறிய டையோடு கறுப்பு நிறத்தில் மிளகை விடச் சற்று நீளமாக இருக்கும். ஒரு முனையில் வெள்ளி நிற வளையம் ஒன்று இருக்கும். வளையம் இல்லாத முனையிலிருந்து வளையம் உள்ள முனைக்குத்தான் மின்சாரம் போகும். பியூஸை எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒன்றுதான். டையோடை மாற்றிப் போட்டால் வேலை நடக்காது. சில இடங்களில் உடனே எரிந்தும் போகும்.

டையோடு இலவசமாக வேலை செய்வதில்லை. சிலிக்கான் டையோடு வழியாகப் போகும் மின்சாரம் ஏறக்குறைய 0.7 வோல்ட்டை இழக்கிறது. 10 ஆம்பியர் போனால் 7 வாட் வெப்பம். அதனால்தான் பெரிய டையோடுகளை அலுமினியத் தகட்டின் மீது வைத்துத் திருகியிருப்பார்கள். தகட்டில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படியாமல் பார்த்துக்கொண்டால் டையோடு நீண்ட நாள் உழைக்கும்.

வீட்டு மின்சாரத்தின் குறுக்கே ஒரு டையோடைப் போட்டால் மின்சாரம் பாதியாகிவிடும், ஆகவே அடித்தாலும் ஆபத்து இல்லை என்று நினைத்துப் பன்றிக்கு வேலி போடுபவர்கள் இருந்தால், அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அலையின் ஒரு பாதி குறைகிறதே தவிர, மீதிப் பாதியின் உச்ச வோல்ட் அப்படியேதான் இருக்கிறது. அது ஆளைக் கொல்லும். முறையான சூரியசக்தி வேலியில் ஒரு விநாடிக்கு ஒரு முறை மட்டும், கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு மின்னதிர்ச்சியை அனுப்பும் தனிக் கருவி இருக்கிறது. அந்த வேலையைப் பியூஸாலும் செய்ய முடியாது, டையோடாலும் செய்ய முடியாது. கம்பத்து மின்சாரத்தை நேரடியாக வேலியில் விடுவது சட்டப்படி குற்றம்.

சூரியசக்தி பம்புசெட்டில் இரண்டும்

2019-இல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டத்துக்குப் பிறகு சூரியசக்தி பம்புசெட்டுகள் கிராமங்களில் கூடியிருக்கின்றன. 5 குதிரைத்திறன் பம்புக்கு ஏறக்குறைய 4,800 வாட் அளவுக்குப் பேனல்கள் வைக்கப்படுகின்றன. பியூஸின் வேலையும் டையோடின் வேலையும் இங்கேதான் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன.

ஒரு பேனலில் 72 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வடத்தில் மணி கோத்ததுபோல் இணைக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு செல்லின் மீது மட்டும் தென்னை ஓலை நிழல் விழுந்தால், அது மின்சாரம் கொடுப்பதை நிறுத்தி வழியை அடைத்துக்கொள்ளும். மற்ற 71 செல்களும் தள்ளும் மின்சாரம் அதன் மீது மோத, அந்தச் செல் சூடேறி, நாளடைவில் பழுப்புத் திட்டு விழுந்து, கண்ணாடியே விரியும். இதைத் தடுக்கப் பேனலின் முதுகுப்புறம் உள்ள சிறிய கறுப்புப் பெட்டியில் 24 செல்லுக்கு ஒன்றாக மூன்று டையோடுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போக அந்த டையோடு ஒரு கிளை வாய்க்காலாக வழிவிடுகிறது. மற்ற நேரத்தில் அடைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது.

இந்த இடத்தில் டையோடுக்குப் பதிலாகக் கம்பியை வைத்தால் என்ன ஆகும்? அந்த 24 செல்களும் எப்போதும் குறுக்கிணைப்பாகி, நல்ல வெயிலிலும் பேனலின் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். பியூஸை வைத்தாலும் அது உருகும் வரை இதே கதைதான். இடி மின்னலுக்குப் பிறகு தண்ணீர் குறைந்துவிட்டது, ஆனால் பம்பு ஓடுகிறது என்றால் இந்த டையோடுகளைச் சோதிக்கச் சொல்வது நல்லது.

2018 நவம்பர் 16-இல் கரை கடந்த கஜா புயலில் புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னைகளும் மின்கம்பங்களும் ஏராளமாகச் சாய்ந்தன. விழுந்த மரங்களுக்குப் பதிலாக அடுத்தடுத்து வைத்த கன்றுகள் இப்போது ஓலை விரித்து வளர்ந்து நிற்கும் பருவம். பேனல் வைத்தபோது வெட்டவெளியாக இருந்த இடத்தில் காலை நேரத்தில் ஓலை நிழல் விழுகிறதா என்று ஒரு முறை பார்ப்பது பயனுள்ளது. டையோடு நிழலைச் சமாளிக்கும் என்பதற்காக நிழலை அப்படியே விட்டுவிடக் கூடாது. தினமும் பல மணி நேரம் சூடேறினால் டையோடும் கெடும்.

இனிப் பியூஸ். பேனல்களை வரிசை வரிசையாகக் கோத்து, அந்த வரிசைகளைப் பக்கவாட்டில் இணைக்கும்போது, ஒரு வரிசையில் பழுது வந்தால் மற்ற வரிசைகளின் மின்சாரம் அதற்குள் பின்னோக்கிப் பாயும். திசையைத் தடுப்பது டையோடின் வேலை என்பதால் முன்பு வரிசைக்கு ஒரு டையோடு போட்டார்கள். ஆனால் பழுது இல்லாத நாளெல்லாம் அந்த 0.7 வோல்ட்டும் வெப்பமும் வீண். ஆகவே இப்போது பெரும்பாலும் பியூஸையே போடுகிறார்கள். இரண்டும் ஒரே வேலைக்குப் போட்டியிடும் இடம் இது ஒன்றுதான் எனலாம். இங்கும் டையோடு பின்னோக்கி ஒரு துளியும் விடுவதில்லை. பியூஸ் அளவு மீறும் வரை விட்டுவிட்டுப் பிறகு அறுக்கிறது. இரண்டு வரிசை வரை பியூஸ் தேவைப்படுவதில்லை. பழுதான வரிசைக்குள் பாயக்கூடியது இன்னொரு வரிசையின் மின்சாரம் மட்டுமே. அதைப் பேனல் தாங்கிக்கொள்ளும். மூன்றும் அதற்கு மேலும் ஆனால் பியூஸ் கட்டாயம். எத்தனை ஆம்பியர் என்பது பேனலின் பின்புறச் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கம்பத்து மின்சாரம் ஒரு விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவது. பியூஸ் அறும்போது எழும் தீப்பொறி அந்தப் பூஜ்யத்தில் அணைந்துவிடும். பேனலிலிருந்து வருவது நேர் மின்சாரம். அதற்குப் பூஜ்யம் கிடையாது. தீப்பொறி எழுந்தால் வெல்டிங் போல நீண்டு எரியும். அதனால் பேனல் பக்கத்தில் வைக்கும் பியூஸ், மணல் அடைத்த தனி வகை. அதன் மீது டி.சி. என்றும், எத்தனை வோல்ட்டுக்கானது என்றும் எழுதியிருக்கும். வீட்டுப் பியூஸ் கட்டையோ, கம்பியோ அங்கே உதவாது. சில அமைப்புகளில் 15 பேனல் வரை தொடராகக் கோத்து 600 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. வெயில் உள்ளவரை பேனலை நிறுத்த முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. பம்பு ஓடும்போது அங்கே பியூஸ் பிடுங்குவது கையையும் முகத்தையும் பொசுக்கிவிடும். முதலில் கண்ட்ரோலரை நிறுத்தி, பிறகு டி.சி. சுவிட்சை நிறுத்திய பின்னரே, பயிற்சி உள்ளவர் தொட வேண்டும். குசும் திட்டத்தில் வைத்த பம்புசெட்டுக்கு ஐந்தாண்டுப் பராமரிப்பு வைத்துக்கொடுத்த நிறுவனத்தின் பொறுப்பு. அந்தக் காலத்துக்குள் பெட்டியைத் தாமாகத் திறப்பானேன்?

டிராக்டர் பேட்டரி

டைனமோ வைத்த பழைய டிராக்டர்களை ஓட்டியவர்களுக்குக் 'கட் அவுட்' நினைவிருக்கும். எஞ்சின் நின்றதும் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் அது துண்டித்துவிடும். ஆல்டர்னேட்டர் வந்த பிறகு அந்த வேலையையும் உள்ளே இருக்கும் ஆறு டையோடுகள் ஏற்றுக்கொண்டன. மாலையில் நல்லபடி நின்ற டிராக்டர் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் பேட்டரி இறங்கிக் கிடந்தால், பேட்டரியை மட்டும் குறை சொல்லக் கூடாது. ஒரு டையோடு இருபக்கமும் விடத் தொடங்கியிருக்கலாம். புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன் ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது லாபம்.

பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது பிளஸ், மைனஸ் மாறிவிட்டால், திசை தலைகீழாகி ஆறு டையோடுகளும் பேட்டரிக்குக் குறுக்குப் பாலமாகிவிடும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து நொடியில் கருகும். திசைத் தவறைத் தாங்கும் சக்தி பியூஸுக்கு உண்டு, டையோடுக்கு இல்லை. அதேபோல், டிராக்டரிலோ இணைப்புக் கருவியிலோ வெல்டிங் வைக்கும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும்.

சோதிக்கும் முறை

பியூஸ் ஒரே விதமாகத்தான் கெடும்: அறுந்துபோகும். டையோடு இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, இருபக்கமும் அடைத்துக்கொள்ளும். அல்லது இருபக்கமும் விட்டுவிடும். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் 12 வோல்ட் பேட்டரியும், டிராக்டரின் பின்விளக்கு பல்பும் கொண்டு சோதிக்கலாம். முன்விளக்கு பல்பு வேண்டாம். அது இழுக்கும் மின்சாரத்தில் சிறிய டையோடு எரிந்துவிடும்.

சோதிக்கும் பொருளை முதலில் இருந்த இடத்திலிருந்து முழுவதும் கழற்றிவிட வேண்டும். பேட்டரி பிளஸ், பல்பு, சோதிக்கும் பொருள், பேட்டரி மைனஸ் என்று வரிசையாக இணைக்க வேண்டும். பிறகு பொருளைத் திருப்பி ஒரு முறை. இரண்டு முறையும் எரிந்தால் பியூஸ் நல்லது, எரியாவிட்டால் போனது. உள்ளே தெரியாத பீங்கான் பியூஸுக்கு இது மிகவும் உதவும். டையோடாக இருந்தால், வளையம் மைனஸ் பக்கம் இருக்கும்போது மட்டும் எரிய வேண்டும். இரண்டு முறையும் எரிந்தாலும், இரண்டு முறையும் எரியாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான்.

புது டையோடு வாங்கும்போது பழையதையே கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அதன் மீது பொடி எழுத்தில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் எத்தனை ஆம்பியர், எத்தனை வோல்ட் என்று கடைக்காரர் சொல்ல முடியும். சார்ஜர்களில் அதிகம் காணப்படும் 1என்4007 என்பது ஓர் ஆம்பியர், ஆயிரம் வோல்ட்டுக்கானது. டையோடுக்குக் கூடுதல் அளவு வாங்கினால் குற்றமில்லை. பியூஸுக்குக் கூடுதல் அளவு வாங்கக் கூடாது. புதிதாகப் போட்ட பியூஸ் உடனே மறுபடி போனால், அடுத்த கம்பியைத் தேடுவதை நிறுத்திவிட்டு வயர்மேனை அழைக்க வேண்டும்.